ஸ்கான் படத்தில் தெரிந்தால்தான் வருத்தமா?

வடமராட்சியிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு வயது 44. கணித ஆசிரியர். பின்னேரங்களில் வீட்டோடு சேர்ந்த தோட்டத்தில் வெங்காயம் செய்கிறவர். ஐந்து மாதமாக ஆள் மாறிவிட்டார். விடியப்புறம் மூன்று மணிக்கே நித்திரை கலைந்து, எழும்பிப்போய் முற்றத்தில் தனியே இருக்கிறார். காலையில்தான் மிகவும் மோசம். பின்னேரமானால் கொஞ்சம் கதைப்பார். சாப்பாடு இறங்குவதில்லை, உடம்பு நன்றாக மெலிந்துவிட்டது. தவணைப் பரீட்சை விடைத்தாள் கட்டு, கட்டிய நூல் அவிழ்க்கப்படாமலே மேசையில் கிடந்தது. கடைசியில் இன்னொரு ஆசிரியர் வந்து எடுத்துப்போய்த் திருத்திக்கொடுத்தார். நாரி நோ, நெஞ்சுப் பாரம் என்று தனியார் வைத்தியசாலைக்குப் போனபோது மூளைக்கு எம்.ஆர்.ஐ. வரை எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரி என்றார்கள். பிறகு அரச வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்கில், மனச்சோர்வு நோய் என்று சொல்லி செர்ட்ரலீன் 50 மில்லிகிராம் குளிசை கொடுத்தார்கள். ஓங்காளமும் பதற்றமும் வருகிறதென்று பன்னிரண்டாம் நாள் அவராகவே நிறுத்திவிட்டார்.

இதற்கிடையில் ரொறன்ரோவில் இருக்கும் கணவரின் அண்ணா, வாட்ஸ்அப்பில் இரண்டு மூளைப் படங்களை அனுப்பியிருக்கிறார். ஒன்று மஞ்சளும் சிவப்புமாக ஒளிர்கிறது, மற்றது நீலமாக மங்கிக் கிடக்கிறது. "மனச்சோர்வு உள்ளவரின் மூளை இப்படித்தான் இருக்கும். சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய் செரோடோனின் அளவை ஸ்கான் செய்யுங்கள், செலவை நான் பார்க்கிறேன்" என்கிறார். மருமகன் ஒருவரோ, "செரோடோனின் கதையே பொய் என்று 2022இல் நிரூபித்துவிட்டார்கள், குளிசை வேண்டாம்" என்கிறார். மாமி செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் நேர்த்தி வைத்திருக்கிறார். கணவர் சொல்வது ஒன்றுதான்: "படத்தில் குறைபாடு தெரிந்தால் குளிசை போடுகிறேன். தெரியாவிட்டால் இது வருத்தமில்லை, என்னுடைய பலவீனம்."

சகோதரியின் கேள்விகள்: அப்படியொரு ஸ்கான் உண்டா? சென்னைக்குப் போகலாமா? எம்.ஆர்.ஐ. சரியென்றால் வருத்தம் இல்லையா? குளிசை மூளையைக் கெடுக்குமா, வாழ்நாள் முழுக்கப் போடவேண்டுமா? 14 வயது மகளுக்கும் இது வருமா, அவளிடம் சொல்லலாமா?

சகோதரி, ஸ்கானைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன். அதற்கு முன்னால், உங்கள் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஒரு வரிக்குப் பதில் சொல்லவேண்டும்.

முதலில் அந்த ஒரு வரி

"நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் பாரம் குறையும் என்று இரண்டு தரம் சொன்னார், விரக்தியில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதை விட்டுவிட வேண்டாம். உங்கள் கடிதம் முழுவதிலும் எனக்கு அவசரமாகப் பட்டது இந்த வரிதான். ஸ்கானும் சென்னையும் பிறகு.

அவரிடம் இன்றே நேராகக் கேளுங்கள்: "சாகவேண்டும் என்று நினைப்பு வருகிறதா? எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா?" கேட்டால் இல்லாத நினைப்பை ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. தனியே சுமந்துகொண்டிருப்பவருக்கு, ஒருவர் கேட்டதே பெரிய ஆறுதலாக இருக்கும். அவர் சொல்வதைக் கேட்டு அழவேண்டாம் என்றோ கோபப்படவேண்டாம் என்றோ சொல்லமாட்டேன். ஆனால் "பிள்ளையை யோசிக்கவில்லையா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் ஏற்கெனவே தன்னைக் குற்றவாளியாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

இரண்டாவது, தோட்டம் செய்கிற வீடு என்கிறீர்கள். கொட்டிலில் இருக்கும் கிருமிநாசினி, களைநாசினிப் போத்தல்கள் எல்லாவற்றையும் இன்றைக்கே வேறு ஒருவர் வீட்டுக்கு மாற்றுங்கள். பூட்டிவைப்பது போதாது, திறப்பு இருக்கும் இடம் அவருக்குத் தெரியும். மிச்சமுள்ள குளிசைகளும் உங்கள் கையில் இருக்கட்டும். இது சின்ன வேலையாகத் தெரியலாம். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிகக் கூடிய தற்கொலை வீதம் உள்ள நாடுகளில் இலங்கையும் ஒன்று. கடும் நஞ்சுள்ள கிருமிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த நேரத்து வேகம் கடந்துபோகும்வரை கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாமல் இருந்தது பல ஆயிரம் பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

அவர் ஓம் என்று சொன்னால், அல்லது சொல்லாமல் தலையைக் குனிந்தால், அடுத்த கிளினிக் திகதி வரை பார்த்திருக்க வேண்டாம். அன்றைக்கே பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரை ஒருவர் அவரோடு இருக்கட்டும். இரவில் பதற்றமாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். அம்புலன்ஸ் தேவையென்றால் 1990. பொலிஸ், வழக்கு என்ற பயத்தில் சில குடும்பங்கள் மறைத்துவிடுகின்றன. தற்கொலை முயற்சி 1998இலிருந்து இந்த நாட்டில் குற்றமல்ல.

அண்ணா அனுப்பிய படம் எதைக் காட்டுகிறது?

அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் நிறங்களை வைத்துப் பார்த்தால், பல வருடங்களாகச் சுற்றிவரும் பெற் (PET) ஸ்கான் படமாக இருக்கவேண்டும். இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் மூளையின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு குளுக்கோசைப் பயன்படுத்துகிறது என்பதைக் காட்டுபவை. மூளை நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்தப் பயன்படும் இரசாயனங்களில் ஒன்றுதான் செரோடோனின். அதற்கும் இந்தப் படத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. மஞ்சளும் நீலமும் மூளையின் நிறங்களும் அல்ல. எந்த அளவுக்கு எந்த நிறம் என்று கணினியில் மனிதர் தெரிவு செய்வது. அண்ணா நல்ல மனதோடுதான் அனுப்பியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல வேண்டாம்.

செரோடோனின், டோபமின் போன்ற இரசாயனங்களோடு தொடர்புடைய பெற் ஸ்கான்கள் வேறாக இருக்கின்றன. கையில் உள்ள நாளத்தினூடாக மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருளை ஏற்றுவார்கள். மூளையில் ஒரு குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் போய் ஒட்டும்படி அதைத் தயாரித்திருப்பார்கள். செரோடோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதத்துக்கு ஒரு பொருள், அதை வாங்கிக்கொள்ளும் புரதத்துக்கு இன்னொன்று, டோபமின் வாங்கிக்கு வேறொன்று. எங்கே எவ்வளவு ஒட்டியது என்பதை, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் படுத்திருக்கும்போது கருவி பதிவுசெய்யும். அதாவது இந்த ஸ்கானும் "உங்கள் மூளையில் செரோடோனின் இவ்வளவு" என்று அளந்து சொல்வதில்லை. செரோடோனின் வந்துபோகும் இடங்கள் எப்படி இருக்கின்றன என்றுதான் சொல்கிறது.

இந்தப் பொருள்களில் பல காபன்-11 கொண்டு செய்யப்படுகின்றன. அதன் கதிரியக்கம் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். ஆகவே அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரோன் இயந்திரம் ஸ்கான் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் புற்றுநோயாளருக்கு எடுப்பதும் பெற் ஸ்கான்தான், ஆனால் அதில் போடுவது குளுக்கோசை ஒத்த வேறு பொருள். அதைக் கொண்டு செரோடோனினைப் பற்றி ஒன்றும் சொல்லமுடியாது.

அண்ணா இருக்கும் ரொறன்ரோவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், அவரிடமும் சொல்லுங்கள். இந்தத் துறையில் உலகம் மதிக்கும் ஆய்வுகள் பல அந்த நகரத்திலேயே நடந்தவை. ஜெஃப்ரி மேயர் தலைமையிலான குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து எடுக்காத மனச்சோர்வு நோயாளரின் மூளையில், செரோடோனின் முதலியவற்றைச் சிதைக்கும் ஒரு நொதியம் சராசரியாக 34 சதவீதம் கூடுதலாக இருந்தது. அப்படி ஆய்வு நடக்கும் நகரத்திலும்கூட, மனச்சோர்வென்று வருகிறவருக்கு பெற் ஸ்கான் எடுத்து நோயைத் தீர்மானிப்பதில்லை. நம் கிளினிக்கில் செய்ததுபோல இருத்திக் கதைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

ஏன் என்று உங்கள் கணவர் கேட்பார். கணித ஆசிரியர் அல்லவா. அவருக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. ஒரு பிரிவின் சராசரி உயரம் மற்றதைவிட ஓர் அங்குலம் கூட. கணக்கு சரிதான். ஆனால் வெளியே நிற்கும் ஒரு மாணவனின் உயரத்தை மட்டும் அளந்து, இவன் எந்தப் பிரிவு என்று சொல்லமுடியுமா? இரு பிரிவிலும் நெட்டையும் குட்டையும் கலந்து இருக்கிறார்கள். மூளை ஸ்கான் ஆய்வுகள் சொல்வதெல்லாம் இந்த மாதிரிச் சராசரிகள். நோயுள்ளவர்களில் பலரின் அளவு, நோயில்லாதவர்களின் அளவுகளுக்குள்ளேயே விழுகிறது.

அந்தச் சராசரிகளிலும் ஆய்வாளர்களுக்குள் இணக்கம் இல்லை. செரோடோனின் வாங்கிகளில் ஒருவகை, மனச்சோர்வில் குறைந்திருப்பதாக 1999இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. அதே வாங்கி கூடியிருப்பதாக 2006இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு சொன்னது. மூளையின் எந்தப் பகுதியை ஒப்பீட்டுக்கு எடுக்கிறோம், எந்த முறையில் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது. முன்பு மருந்து எடுத்தவரா என்பதும் கணக்கை மாற்றும். ஆய்வாளர்கள் இப்படி முரண்பட்டு, முறைகளைத் திருத்திக்கொண்டு போவது நல்லதுதான். ஆனால் ஒரு குடும்பம் அந்த முரண்பாட்டின் நடுவில் போய் நின்று, "குளிசை போடுவதா இல்லையா" என்பதை அங்கே கேட்டறிய முடியாது.

மருமகன் சொன்னது

2022இல் வந்தது ஒரு பெரிய மீளாய்வு. ஜோஆனா மொன்கிரீஃப் என்ற பிரித்தானிய மனநல மருத்துவரும் மற்றவர்களும், செரோடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்று அதில் எழுதினார்கள். அதன் முறையிலேயே பிழைகள் உண்டு என்று வேறு நிபுணர் குழு அடுத்த வருடம் மறுத்து எழுதியது. 2022இன் கடைசியில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு, 17 நோயாளரையும் நோயில்லாத 20 பேரையும் பெற் ஸ்கானில் ஒப்பிட்டு, நோயாளரின் மூளை முன்பகுதியில் செரோடோனின் வெளிவரும் திறன் குறைந்திருப்பதாகக் கண்டது. சிறிய ஆய்வு. விவாதம் இன்னும் முடியவில்லை.

"செரோடோனின் குறைந்தால் மனச்சோர்வு, கூட்டினால் சுகம்" என்ற ஒற்றை வரி விளக்கம் நிலைக்கவில்லை என்பது உண்மைதான், மருமகன் அந்த அளவுக்குச் சரி. ஆனால் "ஆகவே குளிசை வேண்டாம்" என்று அவர் தாவுவது தவறு. ஒரு மருந்து வேலைசெய்கிறதா என்பதை, மருந்து எடுத்தவர்களையும் வெற்றுக் குளிசை எடுத்தவர்களையும் ஒப்பிட்டுத்தான் தீர்மானிக்கிறோம். 522 பரிசோதனைகளையும் ஒரு இலட்சத்துப் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களையும் சேர்த்துப் பார்த்து 2018இல் லான்செற் சஞ்சிகையில் வந்த ஆய்வில், எடுத்துக்கொண்ட 21 மருந்துகளும் வளர்ந்தவர்களில் வெற்றுக் குளிசையைவிடக் கூடுதலாகப் பலன் தந்தன. பலன் மிதமானது, எல்லோருக்கும் ஒரே மாதிரியும் அல்ல. ஆனால் விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்புகிற ஒரு மனிதனுக்கு அந்த மிதமான பலன் பெரிய விஷயம்.

இரத்தத்தில் செரோடோனின் பார்ப்போமா என்று அடுத்ததாக யாராவது கேட்பார்கள். வேண்டாம். உடம்பில் உள்ள செரோடோனினில் 90 சதவீதமளவு குடலைச் சார்ந்தது. இரத்தத்தில் உள்ளதைக் கொண்டு மூளையில் என்ன நடக்கிறதென்று சொல்லமுடியாது.

எம்.ஆர்.ஐ. சரியென்றால்?

எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைக் காட்டும். கட்டி, இரத்தக்கசிவு, பக்கவாதம் இல்லை என்று தெரிந்தது நல்ல செய்தி. மனச்சோர்வு இல்லை என்று அது சொல்லவில்லை, சொல்லவும் தெரியாது. பல நாட்டு எம்.ஆர்.ஐ. படங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த பெரிய ஆய்விலேயே, நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதி மனச்சோர்வு நோயாளரில் சராசரியாக ஏறத்தாழ 1 சதவீதம்தான் சிறிதாக இருந்தது. தனி ஒருவரின் படத்தில் அதைக் கண்டுபிடிக்க எந்த நிபுணராலும் முடியாது. வலிப்பு, தலையில் அடிபட்டது, கை கால் பலமின்மை, வாந்தியோடு கூடிய கடும் தலையிடி, முதிர்ந்த வயதில் முதல் தடவையாக வரும் குணமாற்றம், இப்படி ஏதாவது இருந்தால்தான் நாங்கள் மூளைப் படம் கேட்போம். அதைவிட எனக்குத் தெரியவேண்டியது, தைரொயிட், இரத்தச்சோகை, பி12 சோதனைகள் செய்தார்களா என்பது. தைரொயிட் குறைந்தாலும் கூடினாலும், இரத்தச்சோகையோ பி12 குறைவோ இருந்தாலும் மனச்சோர்வு போலவே காட்டும். கிளினிக் கொப்பியில் இல்லையென்றால் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தை இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள், சகோதரி. விடியப்புறம் மூன்று மணிக்கு நித்திரை கலைவது, காலையில் கூடிப் பின்னேரம் கொஞ்சம் குறைவது, உடம்பு மெலிவது, இருபது வருடமாகச் செய்துவந்த வேலையில் ஒரு நூலைக்கூட அவிழ்க்க முடியாமல் போவது. இவற்றையெல்லாம் நீங்கள் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். நோயைத் தீர்மானிக்க ஒரு மருத்துவருக்குத் தேவையானது இதுதான். நாரி நோவும் நெஞ்சுப் பாரமும்கூட இந்த வருத்தத்தின் பகுதிகள். நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பு நோவாகத்தான் வைத்தியரிடம் வருகிறது. "பலவீனம்" என்று அவர் தன்னைச் சொல்வது வருத்தம் அவருக்குள் இருந்து பேசுகிற பேச்சு. அவர் சோம்பேறியாக இருந்திருந்தால் அந்த விடைத்தாள்கள் அவரை இவ்வளவு வதைத்திருக்காது.

குளிசை

ஸ்கான் ஆராய்ச்சி உங்கள் வீட்டுக்கு உண்மையாகவே உதவுகிற ஓர் இடம் உண்டு. "இவ்வளவு சின்னக் குளிசை என்ன செய்யும்" என்று அவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதே ரொறன்ரோ குழு, இந்த வகை மருந்துகளை எடுக்கிறவர்களுக்கு பெற் ஸ்கான் எடுத்துப் பார்த்தது. செர்ட்ரலீன் 50 மில்லிகிராமே, செரோடோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதங்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அடைத்துவிடுகிறது. அளவை அதற்கு மேலே கூட்டினால் அடைபடுவது கொஞ்சம்தான் கூடுகிறது. ஆகவே அவருக்குக் கொடுத்தது வெறும் பேருக்குக் கொடுத்த அளவு அல்ல.

மருந்து போட்ட முதல் நாள்களிலேயே போய் ஒட்டிவிடுகிறது. மனம் மாற இரண்டு முதல் நாலு வாரம், முழுப்பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நரம்புகளுக்கு இடையிலான தொடர்புகள் மெல்ல மெல்லத்தான் மாறுகின்றன என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். தொந்தரவு முதலில் வரும், சுகம் பிறகு வரும். இதை அவருக்கு யாராவது முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பன்னிரண்டாம் நாள் நிறுத்தியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். கிளினிக்கில் சனம் கூட, நேரம் குறைவு. ஆனாலும் இது சொல்லவேண்டிய விஷயம். ஓங்காளம் அநேகமாக ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும், சாப்பிட்ட பிறகு போட்டால் இன்னும் குறையும். பதற்றத்தை மட்டும் கவனமாக எடுக்கவேண்டும். மருந்து தொடங்கிய புதிதில் பதற்றம் கூடினால் சிலருக்குச் சாகும் நினைப்பும் கூடலாம். இளம் வயதினரில் இது கூடுதல். ஆகவே நீங்களாகத் திரும்பத் தொடங்காமல், மிச்சக் குளிசையையும் கொப்பியையும் கொண்டுபோய் வைத்தியரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். பாதிக் குளிசையில் தொடங்கிக் கூட்டலாம், வேறு மருந்துக்கு மாறலாம், நித்திரைக்குக் கொஞ்சக் காலம் துணை மருந்து தரலாம். முன்பு எப்போதாவது நித்திரையே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு நாள்கணக்கில் இருந்தாரா என்பதையும் சொல்லுங்கள். அப்படி இருந்திருந்தால் சிகிச்சை வேறு.

மூளையைக் கெடுக்குமா என்றால், இல்லை. அடிமைப்படுத்துமா என்றால், போதைப்பொருள்போல அல்ல. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, எரிச்சல் வரலாம், அதனால் மெல்லக் குறைத்துத்தான் நிறுத்துவோம். தாம்பத்திய உறவில் ஆர்வம் குறைவது இந்த மருந்துகளில் சாதாரணம், நம் ஆட்கள் கேட்க வெட்கப்பட்டு மருந்தையே விட்டுவிடுகிறார்கள். கேளுங்கள், வழி இருக்கிறது. வாழ்நாள் முழுக்க என்றும் இல்லை. முதல் தடவை வந்தவர், சுகமான பிறகு ஆறு முதல் ஒன்பது மாதம் வரை தொடர்ந்தால் பலருக்குப் போதும். முதல் மருந்திலேயே முழுச்சுகம் அடைபவர் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். மற்றவர்களுக்கு மருந்தை மாற்றியும் கூட்டியும் உளவள ஆலோசனையைச் சேர்த்தும் சுகப்படுத்துகிறோம். மருந்து வேண்டவே வேண்டாம் என்று அவர் நின்றால், அது அவருடைய உரிமை. ஆனால் அவர் சொன்ன அந்த வரிக்குப் பிறகு, ஒன்றும் செய்யாமல் இருப்பதை நான் ஏற்கமாட்டேன். சாப்பாடும் தண்ணீரும் நின்றுபோகிற நிலை வந்தால் வைத்தியசாலையில் தங்கவேண்டும்.

சென்னைப் பயணம்

போகவேண்டாம் என்பது என் கருத்து. செலவு அண்ணாவுடையதாக இருந்தாலும், ஆபத்து உங்கள் கணவருடையது. அங்கே எடுக்கும் படத்தில் ஒன்றும் தெரியாவிட்டால், "அப்ப எனக்கு வருத்தமில்லை, நான்தான் பிழை" என்று அவர் முடிவெடுப்பார். அதை அவரே சொல்லிவிட்டார். ஏதாவது தெரிந்தாலும் சிகிச்சை மாறாது. வருத்தத்தோடு தொடர்பில்லாத சின்னப் புள்ளியொன்று தெரிந்தால் அதைத் துரத்திக்கொண்டு இன்னும் சோதனைகள். போகவும் வரவும் கரையும் வாரங்களில் சிகிச்சை நிற்கும். மனச்சோர்வை ஸ்கானில் கண்டுபிடித்து மருந்தைத் தெரிவுசெய்து தருகிறோம் என்று எந்த நாட்டில் எந்த நிலையம் விளம்பரம் செய்தாலும் நம்பவேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும்கூட, மனநோய்களைத் தீர்மானிக்க மூளைப் படத்தைப் பரிந்துரைக்கவில்லை. டோபமின் தொடர்பான ஸ்கான் பார்க்கின்சன் நோயைப் பிரித்தறியவும், குளுக்கோஸ் பெற் ஸ்கான் சிலவகை மறதி நோய்களுக்கும் வலிப்புச் சத்திரசிகிச்சைக்கும் உதவுகின்றன. மனச்சோர்வு அந்தப் பட்டியலில் இன்னும் சேரவில்லை.

இரண்டாவது கருத்து கேட்க ஆசையென்றால் அது உங்கள் உரிமை. தெல்லிப்பழையிலோ யாழ்ப்பாணத்திலோ இன்னொரு மனநல வைத்திய நிபுணரைப் பாருங்கள். அரச கிளினிக் இலவசம். பாடசாலைக்கு, மற்ற வருத்தங்களுக்குப் போல மருத்துவச் சான்றிதழோடு லீவு எடுக்கலாம். வைத்தியரிடம் சொன்னது அதிபர் காதுக்குப் போகாது.

அண்ணாவை விலக்கிவிடாதீர்கள். அவர் தம்பிக்காகப் பதைக்கிறார். கிழமைக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுத்து, அறிவுரை இல்லாமல் தம்பியோடு பழைய கதைகள் கதைக்கச் சொல்லுங்கள். மாமியின் நேர்த்தியும் இருக்கட்டும். சந்நிதிக்குப் போய்வந்தால் அவருக்கு நிம்மதி என்றால் போய்வரட்டும், குளிசையைப் போட்டுவிட்டுப் போகட்டும். பின்னேரங்களில் அவர் கொஞ்சம் தெளிவாக இருக்கிறார் என்றீர்களே, அந்த நேரத்தில் இருபது நிமிடம் வெங்காயப் பாத்திக்கு நீங்களும் கூடப் போங்கள். களை பிடுங்குவதோ தண்ணீர் மாற்றுவதோ, முடிக்கக்கூடிய ஒரு சின்ன வேலை. மனம் வந்தபிறகு வேலை செய்வோம் என்று காத்திருந்தால் மனம் வராது. சின்னதாக வேலை தொடங்கினால் மனம் மெல்லப் பின்னால் வரும். இதையே முறையாகச் செய்வது ஒரு சிகிச்சை. கிளினிக்கில் உளவளத்துணையாளர் இருந்தால் கேளுங்கள்.

மகள்

பெற்றோரில் ஒருவருக்கு இந்த வருத்தம் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதல். கேட்கப் பயமாக இருக்கும். ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை, வருமா என்று பார்க்கும் இரத்தச் சோதனையோ ஸ்கானோ இல்லை, தேடிப் போகவும் வேண்டாம். தகப்பனுக்கு ஒழுங்காகச் சிகிச்சை நடப்பது அவளுக்கும் நல்லது.

அவளிடம் சொல்லுங்கள். 14 வயதுப் பிள்ளைக்கு வீட்டில் ஏதோ பிழை என்று எப்போதோ தெரிந்திருக்கும். சொல்லாவிட்டால் தன் படிப்பாலோ தன் சண்டையாலோதான் அப்பா இப்படி ஆனார் என்று நினைத்துக்கொள்வாள். "அப்பாவுக்கு மனச்சோர்வு என்று ஒரு வருத்தம். மருந்து இருக்கிறது, சுகம் வரக் கொஞ்சம் நாள் எடுக்கும். உன்னால் வந்ததில்லை" என்று நீங்களும், முடிந்தால் அவரும் சேர்ந்து, அவர் கொஞ்சம் தெளிவாக இருக்கும் ஒரு பின்னேரத்தில் சொல்லுங்கள். அப்பாவைக் கண்காணிக்கும் வேலையை மட்டும் அவளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதற்கு நீங்களும் உங்கள் தம்பியும் பக்கத்து வீட்டு அக்காவும் முறைவைத்து இருங்கள். கிளினிக்குக்குப் போய்வந்தபின், சாகும் நினைப்பைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்பதையும் எந்த மருந்து எந்த அளவில் தொடங்கினார்கள் என்பதையும் திரும்ப எழுதுங்கள்.